பழைய டிவி கேம் பெட்டிக்குப் புது ஆட்டம்: ஃபேமிகாமா, கேம் பாயா, மெகா டிரைவா?

போன மீன்பிடித் தடைக்காலத்தில் மூன்று வீட்டிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் வந்தது. பாம்பனில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் ஒரு அண்ணன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் கிடக்கும் 61 நாள்தான் அவருக்குக் கணினி முன்னால் உட்கார நேரம். இரண்டாவது, உச்சிப்புளியிலிருந்து பாலிடெக்னிக் போகும் ஒரு தம்பி. சி மொழி ஓரளவு தெரியும். மூன்றாவது, கீழக்கரையில் ஒரு அக்காவும் தம்பியும். அவர்கள் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த மெகா டிரைவ் (சேகா கம்பெனியின் டிவி கேம் பெட்டி) இன்னும் அலமாரியில் இருக்கிறது, ஓடவும் செய்கிறது.

கேள்வி இதுதான்: கம்பெனிக்காரர்கள் எப்போதோ கைவிட்ட பழைய கன்சோலில் (கேம் பெட்டியில்) ஓடும்படி சொந்தமாக ஒரு ஆர்கேட் ஆட்டம் (கடைவீதியில் காசு போட்டு ஆடுவோமே, அந்த வகை) எழுத வேண்டும், எந்தக் கன்சோலுக்கு எழுதுவது? இப்படி வீட்டிலிருந்தே எழுதும் ஆட்டத்தை ஹோம்ப்ரூ என்பார்கள். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நம் கரையிலிருந்தும் வர வேண்டும் என்பது என் ஆசை. அதனால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து விரிவாகவே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் தீவுப் பக்கம் படகில் போய், மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி பறிப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். பாசி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதிலேயே ஆட்டம் இருக்கிறது. ஒரு பட்டன் மூழ்க, இன்னொன்று பறிக்க. மேலே மூச்சுக் கோடு குறைந்துகொண்டே வரும். நீரோட்டம் தள்ளும், ஜெல்லி மீன் குறுக்கே வரும். 12 நாள் என்றால் 12 கட்டம். கடைசியில் கூடையின் எடைதான் மதிப்பெண்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: யார் ஆடப் போகிறார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது? பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் ஆட ஆளில்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, எழுதும் மொழி. மூன்றாவது, திரையில் ஒரே கிடைவரியில் எத்தனை ஸ்பிரைட் (பின்னணிக்கு மேலே நகரும் சின்ன உருவம்) நிற்க முடியும் என்பது. ஆர்கேட் ஆட்டத்தின் உயிரே அங்கேதான். நான்காவது, தமிழ் எழுத்துக்கு இடம் இருக்கிறதா என்பது. ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: காசு, படம் வரையும் நாள்கள், அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று.

| | ஃபேமிகாம் வகை | கேம் பாய் | மெகா டிரைவ் |
|---|---|---|---|
| ஜப்பானில் வந்த ஆண்டு | 1983 | 1989 | 1988 |
| திரை (புள்ளிகள்) | 256 × 240 | 160 × 144 | 320 × 224 |
| வேலை நினைவகம் | 2 கிலோபைட் | 8 கிலோபைட் | 64 கிலோபைட் |
| ஒரே நேரத்தில் நிறம் | 25 வரை | 4 சாயல் | 61 வரை |
| மொத்த ஸ்பிரைட் | 64 | 40 | 80 |
| ஒரு வரியில் ஸ்பிரைட் | 8 | 10 | 20 |
| எளிதான வழி | சி, அசெம்பிளி | ஜிபி ஸ்டூடியோ அல்லது சி | சி |
| 50 / 60 ஹெர்ட்ஸ் தொல்லை | உண்டு | இல்லை | உண்டு |

## ஃபேமிகாம் வகை: தெருவில் ஏற்கெனவே இருக்கும் பெட்டி

நாம் சின்ன வயதில் "டிவி கேம்" என்று சொன்ன பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள்தான். கேசட் போட்டு, இரண்டு ஜாய்ஸ்டிக் செருகி ஆடினோமே, அதே. ராமநாதபுரம் சந்தையில் இன்றும் புதுப் பெட்டியாக வாங்கலாம். பெட்டியின் மேல் 16 பிட் என்று போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இந்த 8 பிட் சரக்குதான் இருக்கும். ஆடுபவர்களைத் தேடிப் போக வேண்டாம், பெட்டி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. இதைவிடப் பெரிய சாதகம் எந்தக் கன்சோலுக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

இடம்தான் நெருக்கடி. சாதாரண கேசட்டில் நிரலுக்கு 32 கிலோபைட், படத்துக்கு 8 கிலோபைட், ஆக மொத்தம் 40. போதுமா என்று பயப்பட வேண்டாம். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் என்ற ஹோம்ப்ரூ ஆட்டம் நான்கு பேர் சேர்ந்து ஆடுவது, அது முழுவதும் இந்த 40 கிலோபைட்டுக்குள்தான் இருக்கிறது.

என்னைத் தடுக்கி விழவைத்தது திரையின் வரிக் கணக்கு. ஒரு ஸ்பிரைட்டின் அகலம் 8 புள்ளி, ஒரு வரியில் எட்டுக்கு மேல் தெரியாது. நீந்தும் பெண்ணை 24 புள்ளி அகலத்தில் வரைந்தேன், மூன்று இடம் போய்விட்டது. மிச்சம் ஐந்து. ஆறு சூடை மீனை ஒரே மட்டத்தில் ஓடவிட்டேன். அவள் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் ஒரு மீன் காணாமல் போனது. ஸ்பிரைட்டுகளின் வரிசையைச் சட்டத்துக்குச் சட்டம் (திரையில் வரும் ஒவ்வொரு முழுப் படமும் ஒரு சட்டம்) மாற்றினால் எல்லாம் தெரியும், ஆனால் மின்னும். பக்கத்து வீட்டுப் பையன் அதைத்தான் முதலில் கேட்டான். கடைசியில் கூட்டத்தைச் சாய்வாக, படிபோல வரைந்தேன். எந்த வரியிலும் மூன்று மீனுக்கு மேல் வராது. பார்ப்பதற்கும் நிஜ மீன் கூட்டம் திரும்புகிற மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கன்சோலில் இப்படித்தான், தடை எங்கே என்று தெரிந்தபின் படத்தை வரைய வேண்டும்.

மொழி விஷயத்தில், சிசி65 என்ற இலவசக் கம்பைலர் (நிரலைக் கன்சோலுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) இருக்கிறது. சி மொழியில் தொடங்கலாம். செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. மோதல் சோதனை போன்ற இடங்களை அசெம்பிளியில், அதாவது செயலியின் நேரடிக் கட்டளைகளில், திரும்ப எழுத நேரலாம். இசைக்கு ஃபேமிஸ்டுடியோ, சோதிக்க மீசென் எமுலேட்டர் (கணினியில் கன்சோலைப்போல நடிக்கும் மென்பொருள்), இரண்டும் இலவசம்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை சட்டம் என்பது. நம் ஊர்ப் பெட்டிகள் 50 ஹெர்ட்ஸ் டிவிக்குச் செய்தவை. இணையத்துப் பாடங்கள் 60ஐ வைத்து எழுதப்பட்டவை. ஒரு மூச்சை 1,200 சட்டம் என்று வைத்தால் அங்கே 20 விநாடி, இங்கே 24. இசையும் அதே விகிதத்தில் இழுக்கும். மீசெனில் டெண்டி என்ற (50 ஹெர்ட்ஸ் நகல் பெட்டி) வகையைத் தேர்ந்தெடுத்து முதல் நாளிலிருந்தே சோதியுங்கள். இரண்டாவது, நகல் பெட்டிகள் பலவற்றில் இசை எழுப்பும் சதுர அலையின் இரண்டு வகைகள் இடம் மாறியிருக்கும். எமுலேட்டரில் மெலிதாகக் கேட்ட மெட்டு பெட்டியில் தடித்துக் கேட்கும், பயப்பட வேண்டாம். மூன்றாவது கேசட். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான நெஸ்ஸின் கேசட்டில் 72 ஊசி, ஃபேமிகாம் வகையில் 60. நான் அவசரத்தில் 72 ஊசிக்கான எஸ்டி கார்டு கேசட்டை வரவழைத்துவிட்டேன். அப்புறம் மாற்று இணைப்பான் தேடியதில் இன்னொரு கூரியர் செலவு.

இது பொருந்துவது: இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் ஆட வேண்டும், ஓரளவு நிரல் தெரியும், படம் சிக்கனமாக இருந்தால் போதும் என்றால்.

## கேம் பாய்: பெட்டி இல்லை, ஆனால் போன் இருக்கிறது

உண்மையான கேம் பாய் (நின்டெண்டோவின் கையடக்கக் கேம் கருவி) நம் கரையில் அபூர்வம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொண்டுவந்த சில வீடுகளில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இருந்தும் இதைப் பரிந்துரைக்க வலுவான காரணம் ஜிபி ஸ்டூடியோ. நிரல் எழுதாமல், கட்டங்களை அடுக்கியே ஆட்டத்தைச் செய்யலாம். முடித்ததும் ரோம் கோப்பாகவும் (கேசட்டில் ஏற்றும் கோப்பு) எடுக்கலாம், பிரவுசரில் ஓடும்படியும் எடுக்கலாம். போனில் திறந்தால் தொடும் பட்டன்களோடு ஓடும். படகில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ஆட இதைவிட வேறென்ன வேண்டும்?

160 × 144 திரை சின்னதுதான், ஆனால் வரைய வேண்டிய புள்ளிகளும் குறைவு. நான்கு சாயல் மட்டும் என்பதால் நிறத்தைப் பற்றிய மண்டையிடி இல்லை. கடலுக்கு அந்த நான்கே அழகாக இருக்கிறது: மேலே வெளிர், கீழே போகப் போக அடர்த்தி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையின் ஒவ்வொரு வரிக்கும் படத்தைக் கொஞ்சம் இடம் தள்ளினால் தண்ணீர் அலையும் தோற்றம் வரும். கேம் பாயில் வரி முடியும்போது குறுக்கீடு (செயலிக்கு ஒரு சைகை) கிடைப்பதால் இதைச் சில வரி நிரலில் செய்துவிடலாம். ஃபேமிகாமில் அதே அலைக்குச் செயலியின் சுழற்சிகளை எண்ணி எண்ணி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் சிப் வைத்த கேசட் வேண்டும். கடலுக்கடியில் நடக்கும் ஆட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஹெர்ட்ஸ் தொல்லையும் கிடையாது. எந்த நாட்டுக் கேம் பாயும் விநாடிக்கு ஏறக்குறைய 59.7 சட்டம்தான். அசல் கேம் பாய் கிடைத்துவிட்டால், நான்கு பென் டார்ச் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனால் கவலையில்லை. பின்னொளி இல்லாத திரை என்பதால் மண்டபம் கடற்கரையின் உச்சி வெயிலில் போனைவிடத் தெளிவாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் அதுவே குறை.

இதன் குறைகளில் முதலாவது, ஜிபி ஸ்டூடியோவில் ஒரே நேரத்தில் நிறைய உருவங்கள் தனித்தனியாக யோசித்து ஓடினால் ஆட்டம் தடுமாறும். சுட்டுத்தள்ளும் வேக ஆட்டம் என்றால் ஜிபிடிகே-2020 என்ற கருவிப்பெட்டியை எடுத்து சி மொழிக்குப் போய்விடுங்கள். இரண்டாவது, பழைய திரையில் வேகமாக ஓடும் உருவம் கலங்கலாக இழுபடும். பாசி ஆட்டம் மெதுவானது என்பதால் தப்பித்தது. மூன்றாவது, இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் இரண்டு கருவியும் இணைப்புக் கம்பியும் வேண்டும். நடைமுறையில் இது ஒரு ஆள் கன்சோல்.

இது பொருந்துவது: நாள் குறைவு, நிரல் தெரியாது, ஆடப்போகிறவர்கள் கையில் போன் மட்டும்தான் இருக்கிறது என்றால்.

## மெகா டிரைவ்: கடைவீதி ஆர்கேடுக்கு நெருங்கிய சொந்தம்

1980களின் ஆர்கேட் எந்திரங்களில் பலவற்றுக்கு மூளை மோட்டரோலா 68000 செயலி. மெகா டிரைவிலும் அதேதான், சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸ். அதனால் ஆர்கேட் என்ற சொல்லுக்கு உண்மையான ருசி இங்கேதான் கிடைக்கும். ஒரு வரியில் 20 ஸ்பிரைட், ஒவ்வொன்றும் 32 × 32 புள்ளி வரை இருக்கலாம். முதல் முறை ஆறு மீனையும் ஒரே மட்டத்தில் ஓடவிட்டு, எதுவும் காணாமல் போகாததைப் பார்த்தபோது நான் கைதட்டினேன். பின்னணி இரண்டு அடுக்கு. பவளப்பாறை ஒரு வேகத்தில், தூரத்துத் தீவு இன்னொரு வேகத்தில் நகரும். வரிக்கு வரி நகர்த்த ஒரு அட்டவணையே உள்ளே இருக்கிறது, அலை கேட்காமலே வந்துவிடும்.

எஸ்ஜிடிகே என்ற இலவசக் கருவிப்பெட்டியில் முழுக்க சி மொழியிலேயே எழுதலாம். அசெம்பிளியைத் தொட வேண்டிய தேவை ஏறக்குறைய வராது. 50ஆ 60ஆ என்று பெட்டியிடமே கேட்டு வேகத்தைத் திருத்தவும் வழி உண்டு. ஆக, நிரல் மட்டும் பார்த்தால் ஃபேமிகாமைவிட இதுதான் எளிது. புதிதாக வருகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது: படத்தில். கேம் பாயில் நீந்தும் பெண்ணுக்கு நான்கு நிலை வரைந்தால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மெகா டிரைவில் அதே நான்கு நிலை வறட்சியாகத் தெரியும். துணி அசைய வேண்டும், முடி அலைய வேண்டும், பாசி வளைய வேண்டும். திரையின் புள்ளிக் கணக்கு கேம் பாயைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இசையும் அப்படித்தான். இதன் எஃப்எம் சிப்பில் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் நாமே உருவாக்க வேண்டும். ஃபர்னஸ் என்ற இலவச மென்பொருள் உதவும், ஆனால் பழக நாளாகும். நிரலுக்கு ஒரு மாதம் என்றால் படத்துக்கும் இசைக்கும் மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

இது பொருந்துவது: வரையத் தெரிந்த ஆள் கூடவே இருக்கிறார், கருவியும் வீட்டில் இருக்கிறது, அவசரம் இல்லை என்றால்.

## இன்னும் இரண்டு, சுருக்கமாக

அட்டாரி 2600 பற்றியும் கேட்கிறார்கள். 1977ஆம் ஆண்டுக் கருவி, நினைவகம் வெறும் 128 பைட். முழுத் திரையை வைத்துக்கொள்ள இடமே இல்லாததால், டிவி ஒவ்வொரு வரியாக வரைந்து போகும்போதே 76 சுழற்சிக்குள் அடுத்த வரியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள அருமையான எந்திரம். முதல் ஆட்டத்துக்கு வேண்டாம்.

பிக்கோ-8 என்பது கணினிக்குள் மட்டும் இருக்கும் கற்பனைக் கன்சோல். 128 × 128 திரை, 16 நிறம், லூவா மொழி. மூச்சுக் கோடு எவ்வளவு வேகத்தில் குறைந்தால் சுவாரசியமாக இருக்கும் என்று ஒரே மாலையில் சோதித்துப் பார்க்க இதைவிட நல்லது கிடையாது. நான் எந்த ஆட்டத்தையும் முதலில் இதில்தான் கிறுக்கிப் பார்க்கிறேன். ஆனால் கேசட்டாகக் கையில் வராது.

## தமிழ் எழுத்து கேட்கும் இடம்

எந்த ஆங்கிலப் பாடத்திலும் இது இருக்காது. இந்தக் கன்சோல்களில் எழுத்தும் 8 × 8 புள்ளி டைல்களாகத்தான் (படத்தை அடுக்கும் சின்னச் சதுரங்கள்) நிற்கும். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26 போதும். நமக்கு? உயிர் 12, அகர உயிர்மெய் 18, மெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் 72, அப்புறம் கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, ஆய்தம். கிரந்தம் சேர்க்காமலே 125 வடிவம். எட்டுப் புள்ளி உயரத்தில் "கூ"வையும் "மூ"வையும் படிக்கும்படி வரைய முடியவில்லை, பலமுறை முயன்றேன். 8 × 16 வேண்டும், அதாவது எழுத்துக்கு இரண்டு டைல், ஆக 250. ண, ஞ, ஐ போன்ற அகலமானவற்றுக்கு நான்கு டைல். ஃபேமிகாமில் பின்னணிக்குக் கிடைக்கும் 256 அங்கேயே தாண்டிவிடும், கடலை வரைய ஒன்றும் மிஞ்சாது.

தீர்வு, தேவையான சொற்களை முதலிலேயே முடிவுசெய்வது. மூச்சு, கூடை, நாள், தொடங்கு, முடிந்தது. இந்த ஐந்து சொல்லுக்கும் சேர்த்து 17 வடிவம்தான் வருகிறது. 34 டைல், அகலமானவற்றைக் கணக்கில் கொண்டால் நாற்பதை ஒட்டி. ஆர்கேட் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். மெகா டிரைவில் படத்துக்கான நினைவகம் 64 கிலோபைட், ஒரு டைலுக்கு 32 பைட். முழு எழுத்துத் தொகுதியும் தாராளமாக உட்காரும். பாசி பறிக்கும் பெண் குழந்தைகளோடு பேசுவது, கரையில் பாசி எடைபோடுகிறவரோடு பேரம் பேசுவது என்று வசனம் நிறைய வைக்கப் போகிறீர்களா? அப்படியானால் இந்த ஒரு காரணத்துக்காகவே மெகா டிரைவுக்குப் போகலாம். கேம் பாய் நடுவில் நிற்கிறது, 384 டைலுக்கு இடம் உண்டு.

## உப்புக்காற்று

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது, கேசட்டின் செம்பை விட்டுவைக்குமா? மூன்று கன்சோலுக்கும் பொதுவான செலவு என்றாலும் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும். தங்க முலாம் பூசாத சர்க்யூட் பலகையில் செய்த என் முதல் கேசட், ஒரு மழைக்காலத்தில் விளிம்பு பச்சையேறிப் போனது. பலகைக்கு ஆர்டர் கொடுக்கும்போது விளிம்புக்குத் தங்க முலாம் என்று கேட்டு வாங்குங்கள், கூடக் கொடுக்கும் காசு வீண் இல்லை. கேசட்டை வாயால் ஊதாதீர்கள். சிறு வயதில் நாம் எல்லோரும் செய்ததுதான், ஆனால் எச்சில் ஈரம் உப்போடு சேர்ந்தால் அரிப்பு கூடுகிறது. பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

மலிவான கேசட் பலகைகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கன்சோல் 5 வோல்ட், சிப் 3.3 வோல்ட். நடுவில் வோல்ட் மாற்றி இல்லாமலே விற்கிறார்கள். முதலில் ஓடும், நாளடைவில் சிப்போ கன்சோலோ கெடும். வாங்குமுன் கேளுங்கள்.

## மூன்று வீட்டுக்கும் பதில்

உச்சிப்புளித் தம்பிக்கு ஃபேமிகாம். தெருவில் பெட்டி இருக்கிறது, அவருக்குச் சி தெரியும், இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஆட நண்பர்களும் உண்டு. இரண்டு பெண்கள், ஒரே பாசித் திட்டு, யார் கூடை முதலில் நிறைகிறது என்று செய்யச் சொன்னேன்.

கீழக்கரை அக்காவுக்கும் தம்பிக்கும் மெகா டிரைவ். அக்கா வரைகிறார், தம்பி எஸ்ஜிடிகே படிக்கிறார். முதல் மூன்று வாரம் நிரலே வேண்டாம், அவள் மூழ்கும் அசைவை மட்டும் வரையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாப்பாவின் பெட்டியைத் திறந்து பழைய கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுவதும் நல்லது.

பாம்பன் அண்ணனுக்கு ஜிபி ஸ்டூடியோ. முதல் பத்து நாள் மூழ்குவதும் மூச்சும் மட்டும். அடுத்த இருபது நாளில் முதல் மூன்று கட்டம். மிச்ச ஒன்பது கட்டத்துக்கு 25 நாள். கடைசி ஆறு நாளைக் கணக்கிலேயே வைக்க வேண்டாம், அண்ணே. வலை கட்டவும் எஞ்சின் பார்க்கவும் ஐஸ் ஏற்றவும் அது போய்விடும்.